பூட்டப்பட்ட பகுதியில் ஒரு வாழ்த்து

கனடாவில் வசிக்கும் இளைஞர் ஒருவர் சென்ற மாதம் எனக்கொரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எங்கள் ஊர்ப் பாடசாலையின் பழைய மாணவர் சங்கத்துக்காக இணையத்தளம் ஒன்றை அமைக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறார். நல்ல பிள்ளை. தளத்துக்கான வார்ப்புரு ஒன்றை விலை கொடுத்து வாங்கிவிட்டதாகத் தெரிவித்து, "எல்லாம் ரெடி அங்கிள், இனி நீங்கள் விஷயத்தைப் போட்டால் சரி" என்று முடித்திருந்தார்.

அவர் அனுப்பிய இணைப்பைத் திறந்து பார்த்தேன். மேலே படங்கள் மாறிமாறி வரும் அகன்ற பட்டை. அதன் கீழே ஒரே அளவில் மூன்று பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் இலத்தீன் சொற்கள். சிசரோவின் நூலொன்றிலிருந்து பிய்த்தெடுத்துச் சிதைக்கப்பட்ட, எவருக்கும் பொருள் விளங்காத, விளங்கவும் தேவையில்லாத அந்தப் பழைய நிரப்புச் சொற்கள். அவற்றை அழித்துவிட்டு எங்கள் பாடசாலையின் கதையை அந்த மூன்று பெட்டிகளுக்குள் நான் கொட்ட வேண்டும். மூன்றும் ஒரே நீளமாக இருந்தால் அழகாக இருக்கும் என்பது அவரது உபரிக் குறிப்பு.

"விஷயத்தைப் போட்டால் சரி" என்ற வசனத்தை நான் பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் கேட்டு வந்திருக்கிறேன். சொன்னவர்களில் எவரும் கெட்ட எண்ணத்துடன் சொல்லவில்லை. ஆனால் விஷயத்தைப் போடுவதற்கு முன்னரே விஷயத்தைப் பற்றிய பாதி முடிவுகள் எடுக்கப்பட்டுவிடுகின்றன என்பதையும், அவற்றை எடுப்பவர் பெரும்பாலும் அந்த விஷயத்தை ஒருபோதும் வாசிக்காதவர் என்பதையும் நான் இரண்டு தடவைகள் பட்டுத் தெரிந்துகொண்டேன். அந்த இளைஞருக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோது அந்த இரண்டும் நினைவுக்கு வந்தன. பதில் நீண்டுவிட்டது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

வார்ப்புரு என்றால் என்னவென்று அறியாத வாசகர் இன்று குறைவு. ஒரு தளத்தின் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தலைப்பட்டை, பட்டியல், ஓரம், அடிக்குறிப்பு ஆகியவற்றை ஒருமுறை அமைத்து வைத்துக்கொண்டு, மாறுகின்ற பகுதியை மாத்திரம் பக்கத்துக்குப் பக்கம் நிரப்பும் ஏற்பாடு. முன்பு சிலர் இதனை அடைப்பலகை என்றும் எழுதினார்கள். அச்சொல் வழக்கொழிந்து வருவதில் எனக்குச் சிறு வருத்தமுண்டு. கடையைப் பூட்டும்போது வரிசையாகச் செருகுவார்களே, அந்தப் பலகைகளை அது நினைவூட்டும். பொருள் அவ்வளவு பொருத்தம்.

பத்திரிகைக்காரனுக்கு இது புதிய விடயமும் அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் ஆசிரியபீடத்தில் சேர்ந்தபோது பக்கங்களை ஒட்டித்தான் தயாரித்தோம். எழுத்துக் கோத்து எடுத்த புரோமைட் தாள்களைக் கத்தரித்து, அடியிலிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் வைத்து, பக்க அளவிலான தாளில் ஒட்டுவார்கள். அந்தத் தாளில் பத்திகளின் எல்லைகள் வெளிர்நீலக் கோடுகளாக அச்சிடப்பட்டிருக்கும். அந்த நீலத்தைப் புகைப்படக் கருவி காணாது. ஒட்டி முடித்துப் படமெடுத்தால் கோடுகள் மறைந்துவிடும். எங்கள் வார்ப்புரு அதுதான். கோடு இருந்தது, ஒழுங்கு இருந்தது, தேவைப்பட்ட இரவில் அந்தக் கோட்டுக்கு மேலாக ஒட்டவும் முடிந்தது. பின்னர் பேஜ்மேக்கர் வந்தது. அதன் மூலப்பக்கத்தில் பத்திகளையும் பக்க எண்ணையும் அமைத்தோம். அப்போதும் பிரதி ஆசிரியர் வடிவமைப்பாளரின் தோளுக்குப் பின்னால் நின்று "தம்பி, இதைத் தூக்கி மேலே போடும்" என்று சொல்லலாம். சொன்னால் நடக்கும்.

2003ஆம் ஆண்டில் எங்கள் பத்திரிகையின் இணையப் பதிப்பைக் கவனிக்கும் மேலதிக வேலை என் தலையில் விழுந்தது. மேலதிக வேலை, மேலதிகச் சம்பளமில்லை. அப்போதுதான் மக்ரோமீடியா நிறுவனத்தின் ட்ரீம்வீவர் மென்பொருளைக் கற்றேன். கற்பித்தவர் எங்கள் இணைய வடிவமைப்பாளர்; இருபத்து மூன்று வயது, கிழக்கு மாகாணக் கரையோர ஊரவர். என்னைச் 'சேர்' என்பார், எனினும் கணினியின் முன் நான் அவருடைய மாணவன்.

ட்ரீம்வீவரில் வார்ப்புரு ஒரு தனிக் கோப்பு. டீ.டபிள்யூ.ரீ என்ற பின்னொட்டுடன், தளத்தின் மூலத்தில் அதற்கென்றே அமைந்த 'டெம்ப்ளேட்ஸ்' உறையில் இருக்கும். அந்த உறையிலிருந்து வெளியே நகர்த்தினால் இணைப்புகள் குழம்பும். வார்ப்புருவில் எந்தெந்த இடங்கள் மாற்றத்தக்கவை என்பதை வடிவமைப்பாளர் குறித்து வைக்கிறார். குறிக்கப்படாத யாவும் பூட்டப்பட்டவை. அந்த வார்ப்புருவிலிருந்து பிறக்கும் ஒவ்வொரு பக்கத்தையும் சுற்றி மெல்லிய மஞ்சட் கோடு தெரியும்; பூட்டிய பகுதிக்குச் சுட்டியைக் கொண்டுபோனால் 'நுழையாதே' என்ற வீதிச் சமிக்ஞை போன்றதொரு வட்டம் தோன்றும். வார்ப்புருவை மாற்றிச் சேமித்தால் "எல்லாப் பக்கங்களையும் புதுப்பிக்கவா?" என்று மென்பொருள் கேட்கும். ஆம் என்றால் நூற்றுக்கணக்கான பக்கங்கள் சில நிமிடங்களில் மாறும். பிறகு அவை அனைத்தையும் வழங்கிக்கு ஏற்ற வேண்டும். அன்றைய தொலைபேசி இணைப்பில் அது ஓர் இரவு வேலை.

முதன்முதலில் அந்தப் 'புதுப்பி' பொத்தானை அழுத்திப் பார்த்தபோது நான் மெய்மறந்து போனேன் என்பதை ஒளிக்கப் போவதில்லை. ஒரு சொல்லை ஓரிடத்தில் திருத்தினால் இருநூறு பக்கங்களில் திருந்துகிறது! ஒப்புநோக்குநர்களுடன் மாரடித்த எவனுக்கும் அது சொர்க்கம். தலையங்கப் பட்டையில் இருந்த ஓர் ஒற்றுப்பிழையை அன்றே திருத்தி மகிழ்ந்தேன். பக்கத்தின் தலைப்பை எழுத மறந்தால் 'அன்டைட்டில்ட் டொக்கியூமென்ட்' என்ற பெயருடனேயே பக்கம் உலகுக்குப் போய்விடும் என்பதையும் சில வாரங்களில் கற்றேன். எங்களுடைய ஆசிரியத் தலையங்கங்கள் சில அந்தப் பெயரில்தான் தேடுபொறிகளுக்கு அறிமுகமாயின.

2004 டிசெம்பர் நடுப்பகுதியில் வடிவமைப்பாளரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தேன். தலைப்பட்டையில் நத்தார், புதுவருட வாழ்த்தைப் போடுமாறு கேட்டேன். அவர் முகப்பில் மாத்திரம் போடலாம் என்றார். நான்தான், "வார்ப்புருவில் போட்டால் எல்லாப் பக்கத்திலும் வருமே" என்று, கற்றதைக் காட்டும் மாணவனின் உற்சாகத்தோடு சொன்னேன். இரண்டு மணிகள் ஆடும், நட்சத்திரங்கள் மினுங்கும். வார்ப்புருவின் பூட்டிய பகுதியில் அது ஏறியது. அவர் விடுமுறையில் ஊருக்குப் போனார்.

டிசெம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும்கூட. காலை ஒன்பது மணியளவில் கிழக்குக் கரையைக் கடல் கொண்டது. நண்பகலுக்குள் அலுவலகத்தில் கூடினோம். முதலில் நூறு என்றார்கள், பிறகு ஆயிரம் என்றார்கள். இந்நாட்டில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது தெரியவரப் பல நாட்கள் சென்றன. அச்சுப் பதிப்பின் முதற்பக்கத்துக்குப் போட்டிருந்த திட்டத்தை ஆசிரியர் கிழித்தெறிந்து, வெற்றுத் தாளில் பென்சிலால் நான்கு கோடுகள் கீறினார். பத்து நிமிடங்களில் புதிய பக்கம் பிறந்தது. இணையப் பதிப்பிலோ, மாற்றத்தக்க பகுதியில் நான் மரணச் செய்திகளை இட்டுக்கொண்டே இருந்தேன். அவற்றின் தலைக்கு மேலே இரண்டு மணிகள் ஆடிக்கொண்டே இருந்தன. சுட்டியைக் கொண்டுபோனேன். நுழையாதே.

வார்ப்புருக் கோப்பு என் கணினியில் இல்லை. அது வடிவமைப்பாளரின் கணினியில் இருந்தது. அதன் கடவுச்சொல் அவரிடம் இருந்தது. அவர் கடலுக்கு அருகில் இருந்தார். தொலைபேசி இணைப்புக் கிடைக்கவில்லை. ஒரு வாழ்த்துப் படத்தை அகற்றுவதற்காக அவரது எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறேனா, அவர் உயிரோடு இருக்கிறாரா என்று அறிவதற்காக அழுத்துகிறேனா என்பது ஒரு கட்டத்தில் எனக்கே தெளிவில்லாமற் போயிற்று.

மாலையில் விளையாட்டுப் பகுதியில் பணியாற்றிய ஒருவர் வழி காட்டினார். பக்கத்தைச் சாதாரண நோட்பாட்டில் திறந்தால் பூட்டு என்ற ஒன்றே இல்லை. பூட்டு மென்பொருளின் கண்ணில்தான் இருக்கிறது, எச்.ரி.எம்.எல். கோப்பில் அது வெறும் குறிப்புரை வரிதான். வாழ்த்துப் படத்தின் வரியைத் தேடி அழித்தோம். முகப்பிலும் அன்றைய செய்திப் பக்கங்களிலும் ஒவ்வொன்றாக அழித்தோம். பழைய பக்கங்களைத் தொட நேரமிருக்கவில்லை.

எட்டாம் நாள் வடிவமைப்பாளர் வந்தார். அவரது வீட்டில் இருவர் இல்லை. வந்த அன்றே வேலை கேட்டார், வேலை கொடுத்தோம். நிவாரண நிதிக்கான வங்கிக் கணக்கு விவரத்தை எல்லாப் பக்கங்களிலும் சேர்க்க வேண்டும் என்றோம். அவர் தன் கணினியில் இருந்த வார்ப்புருவில் அதைச் சேர்த்து, 'புதுப்பி' என்பதை அழுத்தி, இரவோடிரவாக எல்லாவற்றையும் ஏற்றினார். மறுநாள் காலையில் தளத்தைத் திறந்தால், நாங்கள் கையால் அழித்த பக்கங்கள் உட்பட ஒவ்வொரு பக்கத்திலும் மணிகள் மறுபடியும் ஆடின. அவரது பிரதியில் வாழ்த்து அப்படியே இருந்ததை எவரும் அவருக்குச் சொல்லவில்லை. நோட்பாட்டில் செய்த திருத்தம் வார்ப்புருவுக்குத் தெரியாது. அது தன்னிடம் உள்ளதையே உண்மையென்று எண்ணி எல்லாவற்றையும் மீள எழுதிவிடும். இலண்டனிலிருந்தும் சிட்னியிலிருந்தும் வந்த மின்னஞ்சல்களில் இருந்த சொற்களை இங்கே எழுத மாட்டேன். அவரிடம் எவரும் ஒரு சொல் பேசவில்லை. வார்ப்புருவில் போடச் சொன்னவன் நான் என்பதையும் அவர் எவரிடமும் சொல்லவில்லை.

இது மென்பொருளின் குற்றமா? இல்லை. பூட்டிய பகுதி என்பது நல்ல ஏற்பாடு. அவசரத்தில் ஒரு பயிலுநர் தளத்தின் பெயரையே அழித்துவிடாமல் அதுதான் காக்கிறது. எதைப் பூட்டுவது, திறப்பு எவரிடம் இருப்பது, நடு இரவில் எவர் உடைக்கலாம் என்பவையே கேள்விகள். அச்சுப் பதிப்பில் அந்தக் கேள்விகளுக்கு எங்களிடம் தலைமுறை தலைமுறையாக வந்த விடை இருந்தது. இணையப் பதிப்பில் கேள்வி இருக்கிறதென்றே எங்களுக்குத் தெரியவில்லை. அது 'ரெக்னிக்கல்' விடயம் என்று ஒதுக்கி வைத்திருந்தோம்.

மக்ரோமீடியாவை 2005இல் அடோபி வாங்கியது. ட்ரீம்வீவரில் நிலைத்த பக்கங்களை ஒவ்வொன்றாக ஏற்றும் முறை செய்தித் தளங்களிடமிருந்து மெல்ல நீங்கியது. தரவுத்தளத்தில் செய்தியை இட்டால் வார்ப்புரு தானாகவே பக்கத்தைக் கட்டித்தரும் முறை வந்தது. வார்ப்புருவுக்குத் 'தீம்' என்று புதுப்பெயர். சில டொலர்களுக்கு வாங்கலாம். எல்லாம் ஆங்கிலத்துக்காக ஆங்கிலம் எழுதுவோர் செய்தவை. இரண்டாவது அடி அங்கிருந்துதான் விழுந்தது.

2011ஆம் ஆண்டு நான் பகுதிநேரமாகப் பொறுப்பு வகித்த வேறொரு செய்தித் தளம். வடக்குக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து கடலுக்குச் சென்ற நால்வர் திரும்பவில்லை. இறந்துவிட்டார்கள் என்று ஊரில் கதை பரவியது. பிரதேச நிருபர் விசாரித்து, அவர்கள் உயிருடன் வேறொரு கரையில் ஒதுங்கியிருப்பதை உறுதிப்படுத்தினார். நான் தலைப்பிட்டேன்: "காணாமற்போன மீனவர் நால்வர் உயிரிழந்ததாகப் பரவிய செய்தி உண்மையல்ல". குறையில்லாத தலைப்பு என்றே இன்றும் எண்ணுகிறேன். ஆனால் நாங்கள் வாங்கிய தீமின் முகப்புப் பெட்டி தலைப்பின் முதல் 35 எழுத்துகளை மாத்திரம் காட்டி, மீதியை வெட்டி மூன்று புள்ளிகளை இடும். முகப்பில் வந்தது இதுதான்: "காணாமற்போன மீனவர் நால்வர் உயிரிழந்த…"

மீனவர் ஒருவரின் மனைவிக்கு அதனைக் கைத்தொலைபேசியில் எவரோ காட்டியிருக்கிறார்கள். அலுவலகத்துக்கு அழைப்பு வந்தது. நான்தான் எடுத்தேன். "ஐயா, பேப்பர்க்காரர் நீங்களே போட்டிட்டியள், இனி என்ன இருக்கு" என்று அந்தப் பெண் கேட்டார். இல்லையம்மா, உயிரோடு இருக்கிறார்கள், உள்ளே அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று நான் சொன்னதை அவர் நம்புவதற்கு நீண்ட நேரம் எடுத்தது. பக்கத்திலிருந்த பிள்ளையிடம் கொடுத்து முழுச் செய்தியையும் வாசித்துக் காட்டச் சொன்னேன்.

வடிவமைப்பைக் கவனித்தவரிடம் கேட்டேன். "சேர், அது தீமிலேயே இருக்கிறது, நான் கை வைக்கேல்லை" என்றார். உண்மைதான். அவர் கை வைக்கவில்லை. எவருமே கை வைக்கவில்லை. அதுதான் நடந்த பிழை.

அந்த 35ஐச் சற்று நிதானமாகப் பாருங்கள். கணினி தமிழ் எழுத்துகளை நம்மைப் போல எண்ணுவதில்லை. யுனிகோட்டில் 'கா' என்பது ககரமும் கால் குறியும் சேர்ந்த இரண்டு. 'ர்' என்பது ரகரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு. ஆகவே கணினியின் 35இல் நமக்குக் கிடைத்தவை 20 எழுத்துகளும் மூன்று இடைவெளிகளும்தான். ஆங்கிலத்துக்குத் தாராளமான அளவு தமிழுக்குக் கழுத்தை நெரிக்கிறது. அது போகட்டும், அளவைக் கூட்டிக்கொள்ளலாம். ஆங்கிலத் தலைப்பில் யார், என்ன செய்தார் என்பவை முதல் சில சொற்களிலேயே வந்துவிடும். 'மறுக்கிறார்' என்ற வினை எழுவாயை ஒட்டியே நிற்கும். வாலை வெட்டினால் இடமோ நேரமோதான் போகும். தமிழில் வினை கடைசியில் வருகிறது. எதிர்மறை அந்த வினைக்குள்ளேயோ அதற்கும் பிறகோ வருகிறது. 'இல்லை', 'அல்ல', 'மாட்டார்' எல்லாம் வாலில்தான் இருக்கின்றன. தமிழ் வசனத்தின் வாலை வெட்டுபவன் தலையை வெட்டுகிறான். இதை அந்தத் தீமை எழுதியவர் அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருந்த நான் அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கவில்லை.

இவ்வாறான சில்லறைக் கொடுமைகள் இன்னும் உண்டு. ஆங்கிலத் தலைப்புகளுக்கு அழகு சேர்க்க எழுத்துகளுக்கிடையே இடைவெளி விடும் ஒரு கட்டளை சீ.எஸ்.எஸ்.ஸில் இருக்கிறது, ஒழுங்காகக் கையாளாத உலாவியில் அது தமிழின் கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்து நிறுத்திவிடும். வரிகளுக்கிடையிலான உயரத்தை இறுக்கினால் மேல்விலங்கும் கீழ்வளைவும் ஒன்றோடொன்று முட்டும். ஒடுங்கிய பத்தியில் இருபக்கமும் சீராக்கினால், நமது நீண்ட சொற்களுக்கிடையே ஆறு ஓடும். பாமினி காலத்தில் இன்னொரு வேடிக்கை இருந்தது. வார்ப்புருவில் உள்ள பட்டியல் பழைய பாமினி எழுத்துருவிலும், செய்தி யுனிகோட்டிலும் இருக்கும். செய்தி எல்லோருக்கும் தெரியும். 'முகப்பு', 'தொடர்புகளுக்கு' என்பன எழுத்துரு இல்லாதவர்களுக்கு ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். வார்ப்புருவைத் தொடப் பயந்து சில தளங்கள் அப்படியே பல காலம் ஓடின.

நம் நாட்டின் மும்மொழித் தளங்களிலும் இதே நோய்தான். ஒரு மொழிக்கென வரைந்த பெட்டிக்குள் மற்ற மொழியை அடைக்கிறார்கள். பொத்தானில் தமிழ்ச் சொல்லின் பாதி வெளியே தொங்கும். 'விண்ணப்பிக்க' என்பதற்கு இடம் போதாவிட்டால் சொல்லைச் சுருக்குவதா, பொத்தானை நீட்டுவதா என்று எவரும் கேட்பதில்லை. வார்ப்புரு பூட்டப்பட்டிருக்கிறது, சொல் திறந்திருக்கிறது, ஆகவே சொல்தான் வெட்டுப்படும்.

இளம் ஊடகவியலாளர்களை நான் நிரல் எழுதச் சொல்லவில்லை. எனக்கே அது வராது. ஆனால் தாங்கள் எழுதும் தளத்தின் வார்ப்புருவை ஒருமுறையேனும் திறந்து, தலைப்பு எத்தனை எழுத்தில் வெட்டுப்படுகிறது, நிருபரின் பெயருக்கு இடமிருக்கிறதா, திருத்தம் வெளியிட நேர்ந்தால் அது எங்கே தோன்றும், தளத்தின் தோற்றம் மாறும்போது பழைய செய்திகளின் முகவரிகள் என்னவாகும் என்பவற்றைக் கேட்க வேண்டும். கடைசியாகச் சொன்னது பற்றித் தனியே எழுத வேண்டும்; வார்ப்புரு மாற்றத்தில் தொலைந்த எனது கட்டுரைகளைத் தேடி நானே களைத்துவிட்டேன்.

கனடா இளைஞருக்கு எழுதிய பதிலில் இவ்வளவையும் சொல்லவில்லை. மூன்று பெட்டிகளில் ஒன்றை எடுத்துவிடுமாறு கேட்டேன். போர்க்காலத்தில் எங்கள் பாடசாலை இயங்கிய இடங்களின் பட்டியல் நீளமானது. ஆசிரியர்களின் பெயர்களும் அதனுடன் வர வேண்டும். அது பெட்டிக்குள் அடங்காது, பக்கத்தின் முழு அகலத்துக்கும் ஓட வேண்டும் என்று எழுதினேன். தலைப்பு வெட்டுப்படும் கட்டளை எங்கே இருக்கிறதென்று பார்க்கச் சொன்னேன். பூட்டு ஏதும் இருந்தால் திறப்பை இன்னொருவரிடமும் கொடுத்து வைக்கச் சொன்னேன்.

நேற்று மறுமொழி வந்தது. "அங்கிள், பெட்டியை எடுத்தால் டிசைன் உடைகிறது. பரவாயில்லையா?"

உடையட்டும் தம்பி என்று எழுதியிருக்கிறேன்.